வாசகர் கேள்வி: ஆற்றுச் சரிவில் மூன்று தலைமுறைக்கு ஒரு வீடு

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறைப் பக்கம் தாமிரபரணிக் கரையில் 9 சென்ட் இருக்கிறது. மேலே ரோடு, கீழே ஆறு. 100 அடி நீளத்தில் 30 அடி இறக்கம். மூட்டுவலியுள்ள அப்பா அம்மா, நாங்கள், மகன் குடும்பம் என்று ஏழு பேர். 15 அடிக்குக் கருங்கல் சுவர் எழுப்பி, மண்ணடித்து, ரோட்டு மட்டத்துக்குச் சமமாக்கலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அடித்த மண் வருஷக்கணக்கில் அமுங்கும். வீட்டின் பாதி பழைய தரையிலும் பாதி அடித்த மண்ணிலும் நின்றால், இரண்டும் சேருகிற இடத்தில் சுவர் கீறும். மழை அதைவிடப் பெரிய ஆபத்து. இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி அடைமழையும் இரண்டுமே பெய்கிற நாடு இது. சுவருக்குப் பின்னால் கட்டி நிற்கும் தண்ணீரும் மண்ணோடு சேர்ந்து தள்ளும். தடுப்புச்சுவர்கள் பெரும்பாலும் விழுவது அப்படித்தான்.

சரிவை ஒட்டியே வீட்டை இரண்டு தட்டாக இறக்குங்கள். ரோட்டு மட்டத்தில் கூடம், அடுக்களை, பெரியவர்கள் அறை, அதை ஒட்டிக் கழிவறை. வாசலில் ஓரடி உயரம் வந்தால் 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும். கதவுகள் 3 அடி அகலம். குளியலறைக்குப் படியே கூடாது. பத்தடி கீழே, ஆற்றைப் பார்த்த வாசலோடு, மகன் குடும்பத்துக்கு இரண்டு அறை. நடுவே 6 அங்குல உயரத்தில் 20 படி, பத்தாவதில் நின்று மூச்சுவாங்க ஓர் இடம்.

கீழ்த்தளத்தின் பின்சுவர் மண்ணைத் தாங்கக் கூடாது. தடுப்புச்சுவர் தனி, வீட்டுச்சுவர் தனி. இடையில் இரண்டரை அடி, அதில் ஓடை. சருகு வார ஆள் இறங்க அந்த அகலம் வேண்டும். பத்தடிக் கருங்கல் தடுப்புச்சுவருக்கு அடிப்பாகத்தில் அகலம் 5 முதல் 6 அடி வரும். மேலே ரோட்டின் பாரமும் இருப்பதால் பொறியாளர் கணக்கில்லாமல் தொடாதீர்கள். பின்னால் கட்டும் தண்ணீர் வெளியேற, தடுப்புச்சுவரில் 5 அடிக்கு ஒன்றாக 3 அங்குல பிவிசி குழாய், வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக. பின்னால் ஓரடி கனத்துக்குச் சல்லி, சல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே, நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி. இவை இல்லாமல் குழாய் மட்டும் வைத்தால் மண் அடைத்துக்கொள்ளும். முதல் பெருமழையில் குழாய் வாயைப் பாருங்கள்: தெளிந்த நீர் என்றால் நல்லது, கலங்கல் வந்துகொண்டே இருந்தால் உள்ளே மண் கரைகிறது.

மண் வெட்டுவது தை, மாசியில் மட்டும். ஒரே வீச்சில் வெட்டாமல் பத்துப் பத்து அடியாக வெட்டிச் சுவரெழுப்புங்கள். 2021 நவம்பர் வெள்ளம் எதுவரை ஏறியது என்று பக்கத்து விளைக்காரர்களிடம் கேட்டுக் குறிபோட்டு, கீழ்த்தளத் தரையை அதற்கு 3 அடியாவது மேலே வையுங்கள். புல வரைபடத்தில் ஆற்றுப் புறம்போக்கு எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் அளந்துவிடுங்கள். அதை ஒட்டிய கரையில் வெட்டிவேரும் மூங்கிலும் நிற்கட்டும்.

கேள்வி: செப்டிக் டேங்கை ஆற்றுப் பக்கம் வைக்கலாமா?

பதில்: இறக்கத்தில்தான் கழிவு தானாக ஓடும், ஆகவே டேங்க் கீழ்த்தளத்தைத் தாண்டிக் கீழ்ச்சரிவில் வரலாம். டேங்கிலிருந்து வரும் நீர் மண்ணில் ஊறுகிற உறிஞ்சு குழியில்தான் கவனம். கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். தடுப்புச்சுவருக்கு மேற்புறம் தோண்டினால் ஊறும் நீர் சுவரையே தள்ளும். வெள்ளக் குறிக்குக் கீழே தோண்டினால் ஆறு ஏறும் நாளில் கழிவு கீழ்த்தளக் கழிவறைக்கே திரும்பி வரும்.