‘ஹேண்டிகேப் 18’ என்பதைக் ‘குறைபாடு 18’ என்று எழுதலாமா?

விளையாட்டுப் பக்கத்துக்கு ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கோல்ஃப் போட்டி ஒன்றில் ஹேண்டிகேப் 18 உள்ளவர் பந்தை 90 முறை அடித்து, அதாவது 90 அடிகளில், ஆட்டத்தை முடித்து, ஹேண்டிகேப் 4 உடன் 78 அடிகளில் முடித்தவரை வென்றதாகச் செய்தி வந்தது. நான் ‘குறைபாடு 18’ என்று எழுதினேன். ஆசிரியர் அதை நீக்கிவிட்டார். தொப்பியைக் கையில் ஏந்திப் பிச்சையெடுத்த உடல் ஊனமுற்றோரைக் குறித்துப் பிறந்த சொல் இது என்றும் படித்திருக்கிறேன். அது உண்மையா? தமிழில் இதை எப்படி எழுதுவது?”

ஆசிரியர் செய்தது சரியே. ஹேண்டிகேப் என்பது, திறனில் ஏற்றத்தாழ்வு உள்ளவர்களிடையே போட்டியைச் சமமாக்க விதிக்கும் சுமை அல்லது தரும் சலுகை. பிச்சைக் கதை பரவலாகச் சொல்லப்பட்டாலும் அதற்கு ஆதாரம் இல்லை. இச்சொல் ‘தொப்பிக்குள் கை’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் சுருக்கம். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது ஒரு பண்டமாற்று விளையாட்டின் பெயர். நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸ், 1660 செப்டம்பர் 18 அன்று லண்டனின் மதுக்கூடம் ஒன்றில் அதை முதன்முறையாகக் கண்டதாகவும், அது மிக நன்றாக இருந்ததாகவும் குறித்துவைத்திருக்கிறார்.

அவ்விளையாட்டின் விதியை அறிந்தால் சொல்லின் பொருள் தானாகவே தெளிவாகும். இருவர் தத்தம் பொருளை, உதாரணமாக ஒருவர் கடிகாரத்தையும் மற்றவர் மேலங்கியையும், மாற்றிக்கொள்ள விரும்புவர். நடுவர் ஒருவர் இரண்டின் மதிப்பையும் எடைபோட்டு, மதிப்பு குறைந்த பொருளுக்கு உரியவர் மேற்கொண்டு எவ்வளவு பணம் தரவேண்டும் என்று அறிவிப்பார். மூவரும் தொப்பியில் பந்தயப் பணம் போட்டிருப்பர். பேரம் பேசும் இருவரும் தொப்பிக்குள் கைவிட்டு ஒரே நேரத்தில் வெளியே எடுக்க வேண்டும்: கையில் பணம் இருந்தால் சம்மதம், கை வெறுமையாக இருந்தால் மறுப்பு. நம் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கடியில் விரல்பிடித்து விலைபேசுவதைப் பார்த்தவர்களுக்கு, வரலாற்றால் தொடர்பில்லாததாயினும், இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. இருவரும் ஒரே முடிவுக்கு வந்தால் தொப்பிப் பணம் நடுவருக்கு. ஒருவர் மட்டும் சம்மதித்தால் அது சம்மதித்தவருக்கு. ஆகவே ஒருபுறம் சாய்ந்த விலையைச் சொல்லும் நடுவர், ஒருவர் மகிழ்ந்து ஏற்க மற்றவர் மறுப்பதால், தம் பங்கை இழப்பார். சமமான மதிப்பீட்டைச் சொல்வதுதான் அவருக்கு லாபம். ஹேண்டிகேப் என்ற சொல்லின் உயிர் இந்த நடுவரின் தீர்ப்பில்தான் இருக்கிறது. யாருடைய குறையிலும் அன்று.

18ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயக்காரர்கள் இம்முறையை எடுத்துக்கொண்டனர். இரண்டு குதிரைகளில் வலியது எவ்வளவு கூடுதல் எடை சுமந்தால் ஓட்டம் சமமாகும் என்பதை நடுவர் சொல்ல, உரிமையாளர்கள் கைகளால் இசைவு தெரிவித்தனர். 1754ஆம் ஆண்டளவில் இப்பெயர் பந்தயக் குறிப்புகளில் வந்துவிட்டது. பல குதிரைகள் ஓடும் பந்தயத்துக்கு இம்முறை விரிந்ததற்கு, 1791இல் இங்கிலாந்தின் ஆஸ்காட் பந்தயத் திடலில் வேல்ஸ் இளவரசரின் பாரனெட் என்ற குதிரை வென்ற ஓட்லண்ட்ஸ் பந்தயமே பெரும் எடுத்துக்காட்டு. இந்த எடை எவ்வளவு கடுமையாக இருக்கக்கூடும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஓடிய ஃபார் லாப் என்ற குதிரையைச் சொல்வேன். 1930இல் சுமார் 62.5 கிலோ சுமந்து மெல்பர்ன் கோப்பையை வென்ற அக்குதிரைக்கு மறு ஆண்டு 68 கிலோ விதிக்கப்பட்டது. அது எட்டாவதாக வந்தது.

வலியவருக்குச் சுமை என்ற இப்பொருளிலிருந்துதான் ‘தடை’, ‘இடர்’ என்ற பொதுப்பொருள் கிளைத்தது. உடல் ஊனத்தைக் குறிக்கும் வழக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது. பிச்சைக் கதை தவறு என்பதற்கு இக்கால வரிசையே போதும். ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லுக்கு நாம் அக்கறையோடு மாறியிருக்கும் காலத்தில், விளையாட்டுச் சொல் ஒன்றைக் ‘குறைபாடு’ என்று பெயர்ப்பது பொருளாலும் தவறு, பண்பாலும் தவறு என்பது என் உறுதியான கருத்து.

மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. குதிரைப் பந்தயத்தில் ஹேண்டிகேப் வலியவர்மேல் ஏற்றும் சுமை. கோல்ஃபில் அது எளியவருக்குத் தரும் கழிவு. உங்கள் செய்தியில் 90இலிருந்து 18ஐக் கழித்தால் 72. 78இலிருந்து 4ஐக் கழித்தால் 74. குறைந்த நிகர எண்ணிக்கையே வெற்றி என்பதால் முதலாமவர் வென்றார். நோக்கம் ஒன்று, திசை வேறு என்பதால் இரண்டுக்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச்சொல்லைத் தேடி அலைய வேண்டாம். ‘ஹேண்டிகேப்’ என்றே எழுதி, முதல்முறை வரும்போது கோல்ஃபில் ‘18 அடிகள் கழிவு பெற்றவர்’ என்றும், குதிரைப் பந்தயத்தில் ‘68 கிலோ எடை விதிக்கப்பட்ட குதிரை’ என்றும் விளக்கிவிடுங்கள்.

செய்தியில் 17.6 போன்ற தசம எண் வந்தால் அது ஆட்டக்காரரின் பொதுக் குறியீட்டெண். 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8இன் சராசரியாக அதைக் கணக்கிடுகின்றனர், உச்சவரம்பு 54. மைதானத்தின் கடினத்துக்கேற்ப அது முழு எண்ணாக மாறுவதால், ஒரே ஆட்டக்காரருக்கு ஓரிடத்தில் 17ம் வேறிடத்தில் 20ம் வரக்கூடும். அதைப் பிழையென்று திருத்திவிடாதீர்கள்.

‘ஸ்க்ராட்ச்’ ஆட்டக்காரர் என்பவர் ஹேண்டிகேப் பூஜ்யம் உடையவர். ஓட்டப் பந்தயத்தில் சலுகை பெறாதவர்கள் புறப்படும் இடத்தில் தரையில் கீறிய கோட்டிலிருந்து வந்த சொல் அது. அவரைவிடத் தேர்ந்தவருக்கு ‘+2’ என்று குறிப்பர்; அவர் தம் எண்ணிக்கையோடு இரண்டு அடிகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதே ‘+2’ ஆட்ட முடிவுப் பட்டியலில் இருந்தால், மைதானத்துக்கு வகுத்த அளவைவிட இரண்டு அடிகள் அதிகம் என்று பொருள். செய்தியை அச்சுக்கு அனுப்புமுன், அந்த எண் பட்டியலின் எந்த நெடுவரிசையில் இருக்கிறது என்று மேலேயுள்ள தலைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.