பத்துப் பேருக்கு எழுதிய பாடக்குறிப்பும் நாற்பது பேர் வகுப்பும்

கேள்வி: வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் ஐந்து மாதங்களாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். மாணவர்களுக்குப் பதின்மூன்று வயது. அவர்களுடைய மொழி எனக்குத் தெரியாது. பாடநூல் மிகச் சிறியது. மீதியை நானே தயாரிக்க வேண்டும். தினமும் இரவு மூன்று மணி நேரம் இணையத்தில் தேடுகிறேன். நூற்றுக்கணக்கான பயிற்சித்தாள்களைச் சேமித்துவிட்டேன். வகுப்பில் எதுவும் எடுபடவில்லை. நம்பகமான தளங்கள் எவை? எப்படித் தேடுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

மூன்று மணி நேரம் என்று படித்ததும் மனம் கனத்தது. வெளிநாட்டில் என் முதல் வருடமும் அப்படித்தான் கழிந்தது. காலையில் கண் எரியும், குரல் எழாது. அதனால் உங்கள் தேடலை நாற்பது நிமிடத்துக்குள் கொண்டுவருவதுதான் என் முதல் அக்கறை.

அந்த வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மாணவர்கள் எழுந்து நடந்து, ஒருவரையொருவர் கேள்வி கேட்டுத் தாளை நிரப்பும் ஒரு பயிற்சியை இணையத்தில் எடுத்தேன். அருமையான பயிற்சி. ஆனால் என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். பெஞ்சுகள் தரையோடு பொருத்தப்பட்டவை. நடுவில் இருந்தவர்களால் வெளியே வரவே முடியவில்லை. அந்தக் குறிப்பு பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள வகுப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மறுநாள் அதையே மாற்றினேன். முன்பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பி உட்கார்ந்து பின்பெஞ்சைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேள்வியையும் இரண்டு குறும்பதில்களையும் கரும்பலகையில் எழுதி, எல்லோரும் இரண்டு முறை சொன்ன பிறகே தொடங்கினேன். வகுப்பே பேசியது.

ஆகவே தேடும் முன் ஒரு துண்டுத்தாளில் நான்கு விவரங்களை எழுதுங்கள்: எத்தனை பேர், என்ன நிலை, எத்தனை நிமிடம், பாடம் முடியும்போது அவர்கள் எந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். கடைசி விவரம்தான் உயிர். ‘கடந்த காலம்’ என்று எழுதினால் போதாது. ‘நேற்று என்ன செய்தேன் என்று மூன்று வாக்கியம் சொல்வார்கள்’ என்று எழுதுங்கள். நிலையைக் குறிக்க, ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட, தொடக்கநிலையான ஏ1 முதல் உயர்நிலையான சி2 வரையிலான ஆறு மொழித்திறன் நிலைகளைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலான தளங்கள் இந்த முறையில்தான் பாடங்களைப் பிரிக்கின்றன. தேடும் சொற்களில் ‘ஏ2’ என்று சேர்த்தாலே பாதிக் குப்பை விலகிவிடும்.

தளங்களில் நான் முதலில் போவது பிரிட்டிஷ் கவுன்சிலின் ‘டீச்சிங் இங்கிலீஷ்’. ஆசிரியருக்கான குறிப்பும் மாணவருக்கான தாளும் தனித்தனியாக, இலவசமாகக் கிடைக்கும். குறிப்பை முழுவதும் படியுங்கள். ஒவ்வொரு படியையும் ஏன் செய்கிறோம் என்பது அதில்தான் புரியும். புதிய ஆசிரியருக்கு அதுவே ஒரு பயிற்சி வகுப்பு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் ‘இங்கிலீஷ் டீச்சிங் ஃபோரம்’ இதழின் பழைய பிரதிகளும் இலவசம். பெரிய வகுப்பு, குறைந்த வசதி என்ற நிலைமைகளை அறிந்தவர்கள் எழுதிய கட்டுரைகள் அதில் நிறைய உண்டு.

கேட்டல் பயிற்சிக்கு ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’வின் கற்போருக்கான ஒலிப்பதிவுகளைத் தேடுங்கள். 1959-இல் தொடங்கிய அந்த முயற்சி, ஏறத்தாழ 1,500 அடிப்படைச் சொற்களைக் கொண்டு நிதானமாக வாசிக்கும் முறையில் வளர்ந்தது. பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி எழுத்து வடிவத்தோடு கிடைக்கும். ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு அது கடினம், இன்னும் ஓரிரு வருடம் போகட்டும். ஒரு சொல் எந்த நிலைக்குரியது என்று ஐயம் வந்தால் ‘ஆக்ஸ்ஃபோர்டு 3000’ பட்டியலைப் பாருங்கள்.

யார் வேண்டுமானாலும் பதிவேற்றக்கூடிய தளங்களில் மட்டும் விழிப்பாக இருங்கள். அப்படி எடுத்த ஒரு தாளின் விடைக்குறிப்பில் ‘ஃபார் டூ இயர்ஸ்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று இருந்தது. சரிபார்க்காமல் கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் அகராதியைத் திறந்து காட்டினாள். அவளுக்கு நன்றி சொல்லித் திருத்தினேன். அன்றிலிருந்து எந்தத் தாளாக இருந்தாலும் எல்லாக் கேள்விக்கும் நானே விடை எழுதிப் பார்த்த பிறகுதான் நகல் எடுக்கிறேன். செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் தாளுக்கும் இதே விதிதான்.

மாணவர்களின் தாய்மொழியைப் பற்றியும் கொஞ்சம் படியுங்கள். அரபு பேசுவோருக்கு ‘பென்’, ‘பென்சில்’ என்பவற்றின் முதல் ஒலி வராது. ‘புக்’ என்பதன் முதல் ஒலியாக மாறிவிடும். ஜப்பானியருக்கு ரகர லகர வேறுபாடு சிரமம். தங்கள் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று தெரிந்த ஆசிரியருக்கு எந்தத் தாளை ஒதுக்குவது என்பதும் தெரியும்.

சேமித்த அந்த நூற்றுக்கணக்கான தாள்களை இந்த வாரம் திறக்கவே வேண்டாம். ஒரே ஒரு பாடத்தை எடுத்து, உங்கள் துண்டுத்தாளோடு ஒப்பிட்டு, பொருந்தாத படிகளை வெட்டிவிடுங்கள். வகுப்பு முடிந்ததும் எது நடந்தது, எது நின்றது என்று அதே தாளின் பின்பக்கம் இரண்டு வரி எழுதிக் கோப்பில் வையுங்கள். அடுத்த வருடம் நீங்கள் முதலில் தேட வேண்டியது அந்தக் கோப்பில்தான்.