புதுச்சேரி ஸ்டாம்பில் 'பிரான்ஸ் லீப்ர்' என்று ஏன் அடித்தார்கள்?

தாத்தா ஆல்பத்தில் உள்ள புதுச்சேரி ஸ்டாம்பின் மேல் 'பிரான்ஸ் லீப்ர்' என்று அடித்திருக்கிறதே, போரில் யாராவது ஊரைப் பிடித்தார்களா என்று கேட்கிறீர்கள்.

பிடிபட்டது பாரீஸ்தான், புதுச்சேரி இல்லை. 1940 ஜூனில் ஜெர்மன் படை பாரீஸுக்குள் நுழைந்தது. அந்தச் செப்டம்பரில் இங்கே பிரெஞ்சு கவர்னர் லூயி போன்வேன், ஜெர்மனிக்குப் பணியாமல் லண்டனிலிருந்து போரைத் தொடர்ந்த பிரெஞ்சுத் தளபதி தெ கோல் பக்கம் சேர்ந்தார். சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா. அவருக்கு வேறு வழியும் பெரிதாக இருந்திருக்காது. கையிருப்பு ஸ்டாம்பை வீணாக்காமல், 1941 முதல் அதன் மேலேயே தெ கோல் இயக்கத்தின் பெயரான 'பிரான்ஸ் லீப்ர்', அதாவது 'சுதந்திர பிரான்ஸ்', என்று அடித்து விற்றார்கள். அப்புறம் 1942இல் லண்டனில் அச்சான தாமரைப்பூ ஸ்டாம்ப் வந்தது. அதில் விலையைப் பாருங்கள்: 'காஷ்', 'ஃபனோன்'. நம்ம காசும் பணமும்தான்! 24 காஷ் ஒரு ஃபனோன், 8 ஃபனோன் ஒரு ரூபாய்.

பிரான்சில் ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசும் தன் தலைவர் பெத்தேன் படம் போட்டு பிரெஞ்சிந்தியாவுக்கென்று ஸ்டாம்ப் அச்சடித்தது. அது இங்கே விற்பனைக்கே வரவில்லை.

ஆக்கிரமிப்பு ஸ்டாம்பையே பார்க்க வேண்டுமா? ஆல்பத்தில் மலாயா பக்கம் இருந்தால் புரட்டுங்கள். ஸ்டாம்பின் மேல் '2602' என்று அடித்திருந்தால் அது ஜப்பானியர் வேலை. அவர்களுடைய ஆண்டு எண்ணிக்கையில் அதுதான் 1942.