பழைய மியூசிக் பிளேயருக்கு அப்டேட் கேட்க நமக்கு உரிமை உண்டா?

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடையில் 22,000 ரூபாய் கொடுத்து, ஆண்ட்ராய்டில் ஓடும் மியூசிக் பிளேயர் வாங்கினேன். ரிட்டயர் ஆன பிறகு கச்சேரி கேட்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. முதல் வருடம் இரண்டு அப்டேட் வந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. இப்போது பாட்டு ஆப்பைத் திறந்தால் ‘இந்தக் கருவியில் இனி இயங்காது’ என்று வருகிறது. அதே கம்பெனியின் புது மாடலில் பாஸ், ட்ரெபிள் கூட்டிக் குறைக்கும் நல்ல ஈக்குவலைசர் இருக்கிறது, என் மாடலுக்கும் அதைக் கொடுத்தால் என்ன? கடைக்காரர் ‘புது மாடல் வாங்கிக்கோங்க சார்’ என்கிறார். வழக்குப் போடலாமா? போட்டால் புதுச்சேரிக்குத்தான் அலைய வேண்டுமா?
(வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் வேறு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் எதைக் கேட்க உங்களுக்கு வலு இருக்கிறது என்று தெரியும்.

ஈக்குவலைசரை முதலில் ஒதுக்கி வைப்போம். நீங்கள் பணம் கொடுத்த நாளில் அது உங்கள் பிளேயரில் இல்லை. பிறகு தருகிறேன் என்று யாரும் சொல்லவும் இல்லை. தந்தால் பெருந்தன்மை. அப்படித் தந்தவர்களும் உண்டு, காசு கேட்டவர்களும் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2007 நவம்பரில் சூன் பிளேயரின் புது மாடல்களை இறக்கியபோது, முந்தைய வருடம் 30 ஜிபி மாடல் வாங்கியவர்களுக்கும் அதே புது மென்பொருளை இலவசமாகவே கொடுத்தது. அடுத்த இரண்டு மாதத்தில், 2008 ஜனவரியில், ஆப்பிள் தன் ஐபாட் டச்சுக்கு மெயில், மேப் உட்பட ஐந்து ஆப்களைக் கொண்டுவந்தது. புதிதாக வாங்குபவருக்கு அவை பெட்டியோடு சேர்ந்தே வந்தன. சில மாதம் முன்னால் வாங்கியவர் 20 டாலர் கட்ட வேண்டியிருந்தது. முன்னால் வாங்கியவர்களுக்குக் கோபம் வந்திருந்தால் நியாயம்தான். ஆனாலும் அந்த 20 டாலரைக் கட்டாதவரின் ஐபாடும் வாங்கிய நாளில் செய்த வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டுதான் இருந்தது. அதனால் இந்தக் கோரிக்கையில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியாது.

பிழை திருத்தம் என்று வந்தால் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2008 டிசம்பர் 31 அன்று அந்த 30 ஜிபி சூன் பிளேயர்கள் ஒரே நாளில் கூட்டம் கூட்டமாக நின்றுபோயின. அது லீப் வருடம். வருடத்தின் 366-வது நாளை எப்படி எண்ணுவது என்று உள்ளே இருந்த கடிகார மென்பொருளுக்குத் தெரியவில்லை. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி மாட்டிக்கொண்டது. பேட்டரி முழுக்கத் தீரட்டும், ஜனவரி 1 ஆன பிறகு சார்ஜ் போடுங்கள் என்று கம்பெனி சொன்னது. வைத்திருந்தவர் செய்த தப்பு அதில் எள்ளளவும் இல்லை. விற்ற நாளிலேயே உள்ளே இருந்த பிழை, வெளியே தெரிய இரண்டு வருடம் ஆனது. இந்த மாதிரிப் பிழைக்கு ‘வாரன்டி முடிஞ்சு போச்சு’ என்று பதில் சொன்னால் ஏற்கவே கூடாது. மாடல் பழசா புதுசா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

உங்களை உண்மையில் பாதித்திருப்பது மூன்றாவது வகை. நேற்று ஓடிய ஆப் இன்று ஓடவில்லை. இதில் பழியை முழுக்கப் பிளேயர் கம்பெனி தலையில் மட்டும் போட முடியாது. ஆப் நடத்துபவர்கள் அவ்வப்போது பழைய ஆண்ட்ராய்டைக் கைவிடுகிறார்கள். பிளேயர் கம்பெனி ஆண்ட்ராய்டை உயர்த்த நினைத்தாலும், உள்ளே இருக்கும் சிப்பைத் தயாரித்தவர் அதற்கு மென்பொருள் தருவதை நிறுத்தியிருந்தால் வேலை நடக்காது. ஆப் சரியாக இருந்தும் சிக்கல் வருவதுண்டு. பாதுகாப்பான இணைப்புக்காக ஒவ்வொரு கருவிக்குள்ளும் சில சான்றிதழ்களைப் பதித்து வைத்திருப்பார்கள். 2021 செப்டம்பர் 30 அன்று அப்படி ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. அப்டேட் இல்லாமல் கிடந்த பழைய கருவிகள் பலவற்றில், அதுவரை திறந்த இணையதளங்கள் திறக்கவில்லை. ஸ்பீக்கர், திரை, பேட்டரி எல்லாம் நன்றாகவே இருந்தன.

ஆகவே இணையத்தோடு பேசும் கருவியை விற்றவர், விற்றதோடு கையைக் கழுவிவிட முடியாது. சிப்காரர் நிறுத்திவிட்டார் என்பது உண்மையான கஷ்டம்தான், குறைவாக விற்கும் சின்ன கம்பெனிக்கு இன்னும் கஷ்டம். ஆனால் அந்தச் சிப்புக்கு எத்தனை வருடம் ஆதரவு கிடைக்கும் என்று வடிவமைக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே. தெரிந்துகொண்டு, அதை வாங்குபவரிடமும் சொல்ல வேண்டும். சொல்லாமல் 22,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள், எனக்கு ஆறாதது அதுதான்.

நம் சட்டப்படி பெட்டிமேல் எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், வருடம், இறக்குமதி செய்தவர் முகவரி, புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் அச்சிட்டே ஆக வேண்டும். அதோடு இன்னும் ஒரு வரி போடட்டும்: ‘இந்த மாடலுக்கு இந்த மாதம், இந்த வருடம் வரை அப்டேட் உண்டு.’ பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் கருவிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை என்று சொல்லித்தான் விற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் போன், டேப்லெட்டுகளுக்கு ஐந்து வருட அப்டேட் கணக்கு வந்திருக்கிறது. அதுவும் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை, அந்த மாடலைச் சந்தைக்கு அனுப்புவதை நிறுத்திய நாளிலிருந்து. அந்தப் பட்டியலில்கூட பாட்டுப் பிளேயர் இல்லை. நம் ஊரில் இத்தனை வருடம் அப்டேட் என்று சட்டமே இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது, நல்ல ஆரம்பம். பழுதுபார்ப்பது பற்றிப் பேசும் நாம் மென்பொருளையும் அதில் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வழக்கு விஷயம். பெட்டியிலும் விளம்பரத்திலும் என்ன சொன்னார்கள் என்பதில்தான் உங்கள் பலம் இருக்கிறது. அந்த ஆப்பின் சின்னத்தைப் பெட்டியில் அச்சிட்டிருந்தாலோ, ‘தொடர்ந்து அப்டேட் தருவோம்’ என்று விளம்பரம் செய்திருந்தாலோ தாராளமாகக் கேளுங்கள். ஒன்றுமே சொல்லவில்லை என்றால் வழக்கு பலவீனம், உங்கள் வயதில் அதற்காக அலைவதை நான் சொல்ல மாட்டேன். முதலில் கம்பெனிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் ஆணையம். புதுச்சேரிக்குப் போக வேண்டியதில்லை. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

அதுவரை கச்சேரி நிற்க வேண்டாம். உங்கள் பிளேயரின் செட்டிங்ஸில் யூ.எஸ்.பி. டிஏசி என்றோ, ப்ளூடூத் ரிசீவர் என்றோ ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இந்த விலை ஆண்ட்ராய்டு பிளேயர்கள் பலவற்றில் இருக்கும். ஆப் உங்கள் போனில் ஓடட்டும், போனிலிருந்து கேபிள் போட்டுப் பிளேயரில் செருகுங்கள். பாட்டு போனிலிருந்து வரும், ஒலி உங்கள் பிளேயரின் சர்க்யூட் வழியாக ஹெட்போனுக்குப் போகும். நீங்கள் 22,000 கொடுத்தது பெரும்பாலும் அந்த ஒலிக்குத்தான்.

கேள்வி: என் மாமியாருக்குத் திருவாசகமும் பழைய பாட்டும் கேட்க ஒரு சின்ன எம்பி3 பிளேயர் வாங்கிக் கொடுத்தேன். பாட்டுப் பெயரைத் தமிழில் வைத்தால் திரையில் கட்டம் கட்டமாக வருகிறது. சில இடத்தில் எழுத்து வந்தாலும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கிறது. 128 ஜிபி கார்டும் எடுக்கவில்லை. பொருளில் குறையா?
(வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: கட்டம் வந்தால் உள்ளே தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். எழுத்துரு இருந்தும் ‘கொ’ உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாகத் தெரிந்தால், உயிர்மெய்யைச் சேர்த்துக் கோக்க அந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை. இரண்டுமே அப்டேட்டில் சரிசெய்யக்கூடியவை. தமிழ்நாட்டுக் கடைகளில் விற்கும் கருவிக்கு இதைச் செய்யாமல் விடுவது எனக்கு மனசு ஆறாத விஷயம். படிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் தனக்கு வேண்டிய பதிகத்தைத் தானே தேடி எடுக்க முடியாமல், ஒவ்வொரு தடவையும் பேரப்பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பெட்டியில் ‘தமிழ்’ என்று போட்டிருந்தால் அது குறைதான், மாற்றித் தரச் சொல்லுங்கள். போடவில்லை என்றால் கம்பெனிக்கு எழுதுங்கள், எழுதுபவர்கள் கூடினால்தான் அசைவார்கள்.

இப்போதைக்கு, பாட்டுப் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டு, ஆங்கில எழுத்தில் சுருக்கமாகப் பெயர் வையுங்கள். எந்த எண்ணில் எந்தப் பதிகம் என்று தமிழில் பெரிய எழுத்தாக ஒரு தாளில் எழுதி அத்தையிடம் கொடுத்துவிடுங்கள். பெயரைக் கோப்பில் மட்டும் மாற்றினால் போதாது, சில பிளேயர்கள் பாட்டுக்குள் பதிந்திருக்கும் தலைப்பைத்தான் காட்டும், அதையும் கணினியில் மாற்ற வேண்டும்.

கார்டு விஷயத்தில் குறை சொல்ல முடியாது. பழைய வகைப் பிளேயர்கள் 32 ஜிபி வரைதான் எடுக்கும், பிளேயரின் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். பெரிய கார்டுகள் வேறு முறையில் ஃபார்மேட் ஆகி வருகின்றன. அதை ஃபேட்32 முறைக்கு மாற்றினால் சில பிளேயர்கள் 64, 128 ஜிபியையும் படித்துவிடும், எல்லாம் படிக்காது. எதற்கு வம்பு, 32 ஜிபி கார்டே போடுங்கள். ஐயாயிரம் பாட்டுக்கு மேல் பிடிக்கும்.

கேள்வி: புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ஐபாட் கிளாசிக் ஒன்று பார்த்தேன். ஆப்பிள் ஐபாடையே நிறுத்திவிட்டதே, வாங்கலாமா?
(வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: கிளாசிக் 2014-லேயே நின்றுவிட்டது. கடைசியாக மிஞ்சிய ஐபாட் டச்சையும் 2022 மே மாதம் நிறுத்தினார்கள். ஆனால் கிளாசிக்குக்கு வைஃபையும் இல்லை, ஆப்பும் இல்லை. உள்ளே ஏற்றிய பாட்டைப் பாடும், அவ்வளவுதான். அதனால் அப்டேட் நின்றதில் உங்களுக்கு நஷ்டமில்லை. இன்னும் சொன்னால், கம்பெனி கைவிட்ட இந்த மாதிரிப் பிளேயர்களுக்குத் தன்னார்வலர்கள் எழுதும் ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2001-ல் தொடங்கிய வேலை, இன்னும் நடக்கிறது. ஐபாட் கிளாசிக்கிலும் அது ஓடும், ஒலித்தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் கோப்புகளையும் பாடும். ‘பழைய மாடலுக்கு இனிமேல் முடியாது’ என்று கம்பெனிகள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இவர்கள் ஞாபகம்தான் வரும். நீங்கள் நிறுத்துவதானால் நிறுத்துங்கள், வேறு ஒருவர் தொடர்வதற்குப் பூட்டு போடாதீர்கள் என்று கேட்க இது ஒன்றே போதும்.

சந்தையில் பார்க்கும்போது உங்கள் ஹெட்போனையும் பழைய முப்பது பின் கேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். ஒரு பாட்டை ஓடவிட்டு, கருவியைக் காதோடு ஒட்டி வையுங்கள். உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. மெல்லிய இரைச்சல் வந்தால் சரி, ‘டிக் டிக்’ என்று விட்டுவிட்டுக் கேட்டால் கீழே வைத்துவிட்டு வாருங்கள். ஹெட்போன் பின்னைச் செருகியபடியே மெதுவாகத் திருப்புங்கள். ஒரு பக்கக் காது விட்டுவிட்டு வந்தால் ஜாக்கில் உப்புக்காற்று வேலை செய்திருக்கிறது. பின்பக்கத் தகடு உப்பி, ஓரத்தில் இடைவெளி தெரிந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது, அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

கேள்வி: அப்டேட் போட்டுத் தர சர்வீஸ் சென்டரில் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
(வாசகர், பண்ருட்டி)

பதில்: கம்பெனி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அப்டேட்டுக்கு வாரன்டி காலத்தில் பைசா கொடுக்காதீர்கள். வாரன்டி முடிந்திருந்தால் அவர்கள் கேட்பது வேலைக்கூலி. பில் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். நீங்களே போடுவதானால் மாடல் எண்ணை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள், பேட்டரியை முழுக்க ஏற்றிக்கொள்ளுங்கள், பாட்டுகளைக் கணினியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பாதியில் கரன்ட் போனாலும் பேட்டரி தாங்க வேண்டும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகளுக்கு பிளேயர் வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டு உள்ளதா, இல்லாததா?
(வாசகி, லாஸ்பேட்டை)

பதில்: பாட்டை ஏற்றி வைத்துக் கேட்பவர் என்றால் ஆண்ட்ராய்டு இல்லாததே போதும். விலை குறைவு, சார்ஜ் நிற்கும், நாலு வருடம் கழித்தும் இதே வேலையைச் செய்யும். ஆப்பில்தான் கேட்பார் என்றால், கடையில் விலை பேசுவதற்கு முன்னால் மூன்றைக் கேளுங்கள்: உள்ளே எந்த ஆண்ட்ராய்டு, இந்த மாடல் எந்த வருடம் வந்தது, கடைசி அப்டேட் எப்போது வந்தது. மாடல் வந்தே மூன்று வருடம் ஆகியிருந்தால், தள்ளுபடியில் கிடைத்தாலும் உங்களுக்கு மிஞ்சுவது கொஞ்ச காலம்தான். அதே கம்பெனியின் முந்தைய மாடலுக்கு எத்தனை வருடம் அப்டேட் வந்தது என்று அவர்கள் இணையதளத்தில் தேதியோடு இருக்கும், அதைப் பார்த்தால் கம்பெனியின் குணம் தெரிந்துவிடும். வாங்கும் அன்றே பெட்டியின் நாலு பக்கத்தையும், விளம்பரத்தையும், ஜிஎஸ்டி பில்லையும் போனில் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.