மையமற்ற பிளாக்செயின் சமூகத்தில் ஆண்டு நிகழ்ச்சிகளுக்கான பட்ஜெட்டை எப்படி விவாதிக்க வேண்டும்?

நிறுவனத் தலைமை என்று ஒன்று இல்லாத பிளாக்செயின் சங்கிலியில், மாநாடு, மீட்டப், ஹேக்கத்தான் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓராண்டுப் பணம் கேட்டு ஒரு குழு வந்தால் வாக்காளர்கள் எதைப் பார்க்க வேண்டும், கேட்பவர்கள் எதை எழுத வேண்டும் என்பதே கேள்வி. போல்காடாட் என்ற பிளாக்செயினை வைத்துச் சொல்கிறேன். அங்கே 2023 ஜூனில் ஓப்பன்கவ் என்ற வாக்கெடுப்பு ஆட்சிமுறை வந்ததிலிருந்து, கருவூலம் எனப்படும் பொதுநிதியின் செலவு முழுக்க டோக்கன் வைத்திருப்பவர்களின் வாக்கில்தான் நடக்கிறது.

என் கருத்து இதுதான்: ஓராண்டுத் தொகையை ஒரே வாக்கெடுப்பில் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. உச்சவரம்பு ஒரு முடிவு, பணம் யார் பொறுப்பில் இருக்கும் என்பது இன்னொரு முடிவு, எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு என்பது மூன்றாவது.

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும்? ரெஃபரண்டம், அதாவது வாக்கெடுப்புக்கான கோரிக்கை, சமர்ப்பித்தாகிவிட்டால் தொகையை மாற்ற முடியாது. கேட்டவரே நினைத்தாலும் தானாகத் திரும்பப் பெற முடியாது. அதை ரத்து செய்யவே தனி வாக்கெடுப்பு வேண்டும். பன்னிரண்டு நிகழ்ச்சிகளில் ஒன்பது நல்லவை, மூன்று வீண் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டாலும், பன்னிரண்டும் சேர்ந்து நிறைவேறும் அல்லது பன்னிரண்டும் சேர்ந்து விழும். விவாதத்தில் கிடைத்த நல்ல திருத்தங்களெல்லாம் வீணாவது இங்கேதான்.

இன்னொரு காரணம் கணக்குத் தலைப்பு. 2024 முதல் ஆறு மாதத்தில் போல்காடாட் கருவூலம் ஏறத்தாழ 8.7 கோடி டாலர் செலவழித்தது, அதில் 3.7 கோடி டாலர் வெளித்தொடர்பு என்ற ஒரே தலைப்பில் வந்தது. விளம்பரம், ஸ்பான்சர்ஷிப், இன்ஃப்ளூயன்சர், மாநாடு, மீட்டப் எல்லாம் அதற்குள்தான். விளம்பரச் செலவின் மீது வந்த கோபம் ஐம்பது டெவலப்பர்களைக் கூட்டி நாள் முழுக்க ரஸ்ட் நிரல்மொழி சொல்லித்தரும் சின்னப் பட்டறைமேலும் விழுந்தது. எனவே நிகழ்ச்சிகளுக்குக் கேட்பவர்கள் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்: பிறர் மாநாட்டில் ஸ்டால் போட எவ்வளவு, சொந்த மாநாட்டுக்கு எவ்வளவு, உள்ளூர் மீட்டப்புக்கு எவ்வளவு, ஹேக்கத்தான் பரிசுக்கு எவ்வளவு. இந்த நான்குக்கும் பலன் வேறு, அளவுகோல் வேறு.

செயல்முறை இப்படி இருக்கட்டும். முதலில் 'விஷ் ஃபார் சேஞ்ச்' தடத்தில் (கோரிக்கையின் வகைக்கேற்பத் தனி விதிகள் கொண்ட வாக்கெடுப்புப் பிரிவே தடம்), இந்த ஆண்டு நிகழ்ச்சிகளுக்கு இவ்வளவு டாலருக்கு மேல் போகக்கூடாது என்று ஓர் உச்சவரம்புத் தீர்மானம். பணம் நகராது, சமூகத்தின் மனம் தெரியும். அடுத்து ஒரு பவுண்டி, அதாவது ஒரு நோக்கத்துக்கென ஒதுக்கிவைத்த நிதி: அதைப் பார்த்துக்கொள்ள ஐந்து அல்லது ஏழு க்யூரேட்டர்கள், பலர் கையெழுத்திட்டால்தான் பணம் நகரும் மல்டிசிக் கணக்கு, முதல் ஆறு மாதத்துக்கான பணம் மட்டும். அதன்பின் ஒவ்வொரு நிகழ்ச்சியும் அந்த நிதியிலிருந்து பிரியும் தனித்தனி சைல்ட் பவுண்டி. பவுண்டியை மூடினால் மீதிப் பணம் கருவூலத்துக்கே திரும்பும். நேரடியாக ஒரு குழுவின் கணக்குக்கு மொத்தத் தொகையை அனுப்பிவிட்டால் அந்த வசதி கிடையாது.

க்யூரேட்டர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று உண்டு. நிகழ்ச்சி நடத்திப் பணம் வாங்கும் ஆள் அந்த சைல்ட் பவுண்டியில் கையெழுத்திடக்கூடாது. இந்தத் துறையில் அனுபவமுள்ளவர்கள் குறைவு என்பதால் க்யூரேட்டரும் அமைப்பாளரும் ஒரே ஆளாக இருப்பது அடிக்கடி நடக்கும். ஏழில் நான்கு கையெழுத்து என்று வைத்து, சம்பந்தப்பட்டவர் விலகினாலும் நான்கு கிடைக்கும்படி ஆள்களைத் தேர்ந்தெடுத்தால் வேலை நிற்காது. ஐந்தில் நான்கு என்று வைத்தால் ஒருவர் விலகி இன்னொருவர் பயணத்தில் இருந்தால் மண்டபத்துக்கு முன்பணம் கட்ட முடியாமல் போகும்.

இனி நாட்காட்டி. பெரும்பாலான பட்ஜெட்டுகள் சறுக்குவது தொகையில் அல்ல, தேதியில். பெரிய தொகைத் தடத்தில் ஆயத்தக் காலம் 4 மணி நேரம், முடிவுக் காலம் அதிகபட்சம் 28 நாள், தேவையான ஆதரவைத் தொட்டபின் 7 நாள் தொடர்ந்து நிலைக்க வேண்டும். போல்காடாட்டின் டோக்கனான டாட்டாகவே கேட்டிருந்தால் அதற்குமேல், பணம் வெளியேற 24 நாள் செலவுச் சுழற்சி. முன்வரைவை மூன்று வாரமாவது பொதுவில் வைக்காமல் நேரே சங்கிலியில் ஏற்றினால் பலர் தங்கள் வாக்கை ஒப்படைத்த பெரிய பிரதிநிதிகள் எதிர்த்தே வாக்களிப்பார்கள். எல்லாம் கூட்டினால் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒருமுறை தோற்றுத் திருத்தி வந்தால் ஐந்து மாதம். சொந்தப் பணத்தில் மண்டபத்தைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு வந்து "பணம் கட்டியாகிவிட்டது, ஆதரியுங்கள்" என்று கேட்பது இதனால்தான் நடக்கிறது. அப்படி வரும் பின்தேதிக் கோரிக்கையை ஊக்குவிக்கக்கூடாது. ஆனால் அதைத் தடுக்க வேண்டுமென்றால் பவுண்டியில் ஏற்கெனவே பணம் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் நடக்கும் மாநாட்டுக்கு ஆசியா, ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலிருந்து பேச்சாளர் வரப் பெரும்பாலும் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், ஆனால் அழைப்புக் கடிதமும் தங்குமிட உறுதியும் கையில் இருக்க வேண்டும். பட்ஜெட் தாமதமானால் முதலில் விடுபடுபவர்கள் இவர்கள்தான். அந்த மாநாட்டை உலகளாவியது என்று எப்படிச் சொல்வது?

நாணயம் பற்றி ஒரே வார்த்தை: டாலரில் எழுதுங்கள், டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கும் ஸ்டேபிள்காயின்களான யூஎஸ்டிடி அல்லது யூஎஸ்டிசியில் வாங்குங்கள். 2024 மார்ச்சில் டாட் விலை 10 டாலருக்கு மேல். அதே ஆண்டு செப்டம்பரில் 4 டாலரை ஒட்டி. மார்ச்சில் 20,000 டாட் கேட்டவர் 2 லட்சம் டாலர் என்று நினைத்திருப்பார். செப்டம்பரில் கையில் இருப்பது 80,000 சொச்சம். இதற்குப் பயந்து கூட்டிக் கேட்கும் பழக்கம் வந்தது. விலை ஏறினால் அந்தக் கூடுதல் எங்கே போனது என்று யாரும் சொல்வதில்லை. ஸ்டேபிள்காயினில் வாங்கும்போது கூடுதல் ஒதுக்கீடு 10 சதவீதம் போதும், அதுவும் செலவாகாவிட்டால் திரும்ப வர வேண்டும்.

தவணைக்கும் சங்கிலியிலேயே வழி இருக்கிறது. கருவூலச் செலவை, சங்கிலியில் நேரத்தைக் குறிக்கும் இந்த எண் பிளாக்குக்குப் பிறகே செல்லும் என்று குறித்து ஒரே ரெஃபரண்டத்தில் இரண்டு மூன்று தவணைகளாக அனுமதிக்கலாம். வேலை நடக்கவில்லை என்றால் அடுத்த தவணையை வாக்கெடுப்பு மூலம் ரத்து செய்யலாம். இதில் ஒரு பொறி உண்டு: அனுமதித்த செலவு தானாகக் கணக்குக்கு வராது. தேதி வந்தபின் 30 நாளுக்குள் யாராவது பணம் வழங்கும் பரிவர்த்தனையை அனுப்ப வேண்டும், தவறினால் காலாவதி.

செலவுப் பட்டியலில் விடுபடுபவை பெரும்பாலும் இவையே. வாட் வரி: பாங்காக்கில் 7, சிங்கப்பூரில் 9, பெர்லினில் 19, லிஸ்பனில் 23 சதவீதம். பெர்லினில் மண்டபமும் ஒலி-ஒளியும் ஒரு லட்சம் யூரோ என்றால் பில் 1,19,000. வரியைத் திரும்பப் பெறப் பதிவுபெற்ற நிறுவனம் வேண்டும், மையமற்ற சமூகத்துக்கு அது இருக்காது. ஆகவே எந்த நாட்டு நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தம் என்று கோரிக்கையில் கட்டாயம் எழுத வேண்டும். ரத்தானால் பொறுப்பும் அவர்களுக்குத்தான். அடுத்து ஹோட்டல் அறைத் தொகுதி: குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே நிரம்பினால் மீதி அறைக்கும் பணம் கட்டச் சொல்லும் ஷரத்து. உணவுக்கும் அப்படியே குறைந்தபட்ச ஆள் கணக்கு. ஹேக்கத்தானுக்குத் தனி இணைய இணைப்பு. மண்டபத்து வைஃபையில் 300 மடிக்கணினிகள் நோடை, அதாவது சங்கிலியின் தரவை இறக்கி வைக்கும் மென்பொருளை, ஒத்திசைக்கத் தொடங்கினால் அரைமணியில் எல்லாம் நின்றுவிடும்.

பலனை வருகைப் பதிவில் அளக்காதீர்கள். இலவச உணவும் டி-ஷர்ட்டும் இருந்தால் கூட்டம் வரும். ஹேக்கத்தான் பரிசில் பாதியை அன்றே கொடுத்து, மறுபாதியை மூன்று மாதம் கழித்து நிரலைச் சேமிக்கும் ரெபாசிட்டரியில் வேலை தொடர்ந்திருந்தால் மட்டும் கொடுங்கள். ஊர் ஊராகப் பரிசுக்காகவே சுற்றும் குழுக்கள் இதிலேயே விலகிவிடும்.

வாக்காளர்களுக்கு ஒரு குறிப்பு. தகவல் போதவில்லை என்று நடுநிலை வாக்களித்தால் அது ஒதுங்கி நிற்பது ஆகாது. ஓப்பன்கவ்வில் நடுநிலை வாக்கு ஒப்புதல் விகிதத்தில் (ஆதரித்தவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் உள்ள விகிதம்) சேராது, ஆனால் ஆதரவு அளவில் (மொத்த டோக்கனில் எவ்வளவு பங்கு எதிர்க்காமல் வாக்களித்தது என்ற கணக்கு) சேரும். கோரிக்கை நிறைவேற உதவும். தகவல் இல்லையென்றால் எதிர்த்து வாக்களித்து, எது வேண்டும் என்று எழுதுங்கள்.

கார்டானோ என்ற இன்னொரு பிளாக்செயினில் அமைப்பு வேறு. அங்கே ஓராண்டில் கருவூலத்திலிருந்து எடுக்கக்கூடிய நிகர வரம்பை முதலில் டிரெப்கள், அதாவது டோக்கன் வைத்திருப்பவர்களின் பிரதிநிதிகள், வாக்களித்து வைக்கிறார்கள்; 2025க்கு அது 35 கோடி ஏடா (கார்டானோவின் டோக்கன்). உச்சவரம்பு முதலில், கோரிக்கை பிறகு என்ற வரிசை நல்லது. ஆனால் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் 1,00,000 ஏடா வைப்புத்தொகை. முடிவில் திரும்பக் கிடைக்கும் என்றாலும் சிறு ஊர் மீட்டப் குழுவால் அதைக் கட்ட முடியாது. பெரிய அமைப்பின் நிழலில்தான் வர வேண்டும். சிறியவர்களுக்கு போல்காடாட்டின் சைல்ட் பவுண்டி முறையே நியாயமானது என்பேன்.

கடைசியாக அறிக்கை. நிகழ்ச்சி முடிந்து 45 நாளுக்குள் பில், பங்கேற்றோர் விவரம், திரும்பச் செலுத்திய தொகையின் பரிவர்த்தனைச் சுட்டு மூன்றும் பொதுவில் வர வேண்டும். வராத குழுவுக்கு அடுத்த சைல்ட் பவுண்டி திறக்கக்கூடாது என்று பவுண்டி விதியிலேயே எழுதிவிடுங்கள். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால், அதைச் சேர்க்க இன்னொரு வாக்கெடுப்பு வேண்டியிருக்கும்.