வாசகர் கேள்வி பதில்: அந்த ரெண்டு பேரையும் சபையில சேக்கலாமா?

கேள்வி: அக்காவுக்கு ஸ்தோத்திரம். மயிலாடுதுறை பக்கம் எங்க சபையில நான் கமிட்டி மெம்பர். சென்னையிலேருந்து ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க இங்க குடிவந்து தையல் கடை வச்சிருக்காங்க, ஞாயித்துக்கிழமை தவறாம ஆராதனைக்கு வருவாங்க, இப்ப பழைய சபையில கடிதம் வாங்கிட்டு வந்து எங்களையும் அங்கத்தினரா சேத்துக்கோங்கன்னு கேக்குறாங்க. நாங்க ஜோடியாத்தான் வாழுறோம்னு அவங்களே எங்க சபை போதகர் ஐயர்கிட்ட சொல்லிட்டாங்க. கமிட்டியில பாதிப்பேர் ஆண்புணர்ச்சிக்காரர் தேவனுடைய ராஜ்யத்துக்குள்ள வரமாட்டாங்கன்னு சொல்ற 1 கொரிந்தியர் 6ஐ காட்டி கூடவே கூடாதுங்குறாங்க. எனக்கு சேக்கவும் தயக்கம், போங்கன்னு சொல்லவும் மனசு வரல.

பதில்: சேத்துக்கோங்க தம்பி.

நம்ம ஊருல அங்கத்தினர்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். சந்தா நோட்டுல ஒரு பக்கம், திருவிருந்துல ஒரு இடம், காய்ச்சல்ல படுத்தா ஐயர் வீடு தேடி வந்து ஜெபிக்கிறது, கடைசியில கல்லறைத் தோட்டத்துல ஆறடி. நாளைக்கு அதுல ஒருத்தி கண்ண மூடிட்டா, பெத்தவங்களும் வரலன்னா, இன்னொருத்தி யாருகிட்ட போயி கோயில் மணி அடிக்கச் சொல்லுவா? எனக்கு உங்க கடிதத்த படிச்சதும் இதுதான் மொதல்ல மனசுல நின்னுச்சு. அவங்க கல்யாணம் பண்ணி வைக்கச் சொல்லல. 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் ஒரே பாலினத்தார் கல்யாணத்துக்கு அங்கீகாரம் தரல, அது வேற விவாதம், அத கொண்டாந்து இதுல போட்டு குழப்பிக்காதீங்க.

அந்த வசனத்துல இருக்குற கிரேக்க வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு இறையியல் படிச்சவங்களுக்குள்ளயே இன்னும் ஒத்த கருத்து கிடையாது. அதுக்கு அடுத்த வரியில பொருளாசைக்காரரும் வெறியரும், அதாவது குடிகாரங்களும், இருக்காங்க, அந்த காரணத்த சொல்லி உங்க கமிட்டி யாரையாவது சேக்காம விட்டிருக்கான்னு கேட்டுப் பாருங்க. அப்போஸ்தலர் 8ல பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்தாரே எத்தியோப்பிய மந்திரி, அவர் ஒரு அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர், மூல மொழியில அப்படித்தான் இருக்கு, நம்ம பழைய தமிழ் வேதாகமத்துல மந்திரின்னு போட்டதால நிறைய பேருக்கு இது தெரியாது. அண்ணகரும் தன்பாலீர்ப்பு உள்ளவங்களும் ஒண்ணு இல்லதான். ஆனா உபாகமம் 23 அப்படிப்பட்டவங்க கர்த்தருடைய சபைக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லியிருந்தும், தண்ணி இருக்கே எனக்கு என்ன தடைன்னு அவர் கேட்டப்ப பிலிப்பு கமிட்டி கூட்டிட்டு வரேன்னு சொல்லல, ரதத்துலேருந்து எறங்கி தண்ணிக்குள்ள போனார்.

இன்னொண்ணு, நம்ம டெல்டா சபைகளுக்கு இந்த மாதிரி சண்டை புதுசில்ல. 1706ல ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில வந்து எறங்கினார், அதுக்கப்புறம் நூறு வருசத்துக்கு மேலயும் ஒரே கோயிலுக்குள்ள சாதி பாத்து தனித்தனியாத்தான் உக்காந்தாங்க. 1833ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதிய விட்டாகணும்னு கடிதம் அனுப்பினப்ப தஞ்சாவூர் சபையில எவ்வளவு எதிர்ப்பு! கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் அவ்வளவு பக்தி உள்ளவர், அவரே சாதி வித்தியாசத்துக்கு ஆதரவா வாதாடினவர்தான். அன்னைக்கு எதிர்த்தவங்களும் கையில வேதத்த வச்சுக்கிட்டுதான் எதிர்த்தாங்க. சீகன்பால்குவ கப்பலேத்தி அனுப்பினது டென்மார்க் ராஜா, அந்த நாட்டு லுத்தரன் சபை 2012லேருந்து ஒரே பாலினத்தாருக்கு கோயில்லயே கல்யாணம் நடத்துது. அத அப்படியே செய்யுங்கன்னு நான் சொல்லல, கடைமடைக்கு தண்ணி வர நாளாகும்னு எனக்கும் தெரியும்.

உங்க தயக்கத்துக்கு ஒரு வழி சொல்றேன். 2021ல மதுரையிலேருந்து சென்னைக்கு ஓடி வந்த ரெண்டு பெண்கள் வழக்குல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதப்பத்தி எனக்கே சரியா புரியலன்னு வெளிப்படையா சொல்லி, ஒரு உளவியலாளர்கிட்ட உக்காந்து கத்துக்கிட்டு அப்புறம்தான் உத்தரவு போட்டார். மீட்டிங்குக்கு முன்னாடி நீங்களும் ஐயரும் அந்த வீட்டுக்குப் போங்க, ஒரு காபி குடிச்சிட்டு அவங்க சொல்றத கேளுங்க. சபையில குடும்ப அட்டை ஒண்ணா போடணுமா ரெண்டா போடணுமான்னு அவங்களையே கேட்டுக்கோங்க.

கேள்வி: என் பையன் தான் ஒரு ‘கே’, ஆம்பளைங்க மேலதான் ஈர்ப்புன்னு சொல்லிட்டான் அக்கா. மூணு நாள் விடுதலை ஜெபத்துக்கு கூட்டிட்டுப் போனா மாறுவானா? (நாகப்பட்டினத்துலேருந்து ஒரு அம்மா)

பதில்: மாற மாட்டான்மா, இது நோயில்ல. இத வைத்தியம் பாத்து மாத்துறேன்னு யாரும் கிளம்பக்கூடாதுன்னு மேல சொன்ன அதே வழக்குலதான் சென்னை ஹைகோர்ட் தடை போட்டுச்சு. அந்த மாதிரி இடத்துல பிள்ளைங்க உள்ளுக்குள்ள நொறுங்கிப் போயிடுதுங்க, தயவு செஞ்சு அனுப்பாதீங்க. நீங்க கத்தோலிக்கரா இருந்தா மறைக்கல்வி நூல்ல 2358ஆம் எண்ண எடுத்துப் படிங்க, இவங்கள மரியாதையோடயும் பரிவோடயும் ஏத்துக்கணும்னுதான் அதுலயும் சொல்லியிருக்கு. உங்ககிட்ட வந்து சொன்னான் பாருங்க, அதுக்கு அவன் எத்தனை ராத்திரி தூங்காம இருந்திருப்பான். வேளாங்கண்ணிக்குப் போகணும்னா போங்க, அவனும் வரேன்னு சொன்னா கூட்டிட்டுப் போங்க, ஆனா அவன மாத்தித் தாங்கன்னு மட்டும் மெழுகுவத்தி ஏத்தாதீங்க.