செவன்ஸ் ஆடுகிற பையன் வக்கீல் ஆகலாமா?

கேள்வி: மகன் ப்ளஸ் டூ, தமிழ் மீடியம். பாலக்காடு பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆடப் போகிறான். சட்டமும் படிக்கணும் என்கிறான். கனடாவில் ஃபுட்பால் ஆடிய ஒருவர் வக்கீலாகி முதல்வர்கூட ஆனாராமே, யார் அவர்? இரண்டும் ஒத்துவருமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பீட்டர் லாஹீட். 1928இல் கால்கரியில் பிறந்தவர். ஆனால் அவர் ஆடியது உங்கள் மகனின் ஆட்டம் அல்ல. கனடிய ஃபுட்பாலில் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். அணிக்கு 12 பேர். 3 முயற்சிக்குள் 10 கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் படித்தபடியே 1949, 1950 இரண்டு சீசன் எட்மன்டன் அணிக்கு ஆடினார், அவ்வளவுதான். 1952இல் சட்டப் பட்டம், 1954இல் ஹார்வர்டில் எம்.பி.ஏ., பிறகு வக்கீல் தொழில். 1971 முதல் 1985 வரை அல்பர்ட்டா மாகாண முதல்வர். எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து வைக்க 1976இல் சேமிப்பு நிதி தொடங்கியவரும் அவரே. இரண்டே சீசனில் பந்தைக் கீழே வைத்தார் என்பதை மகனிடம் விட்டுவிடாமல் சொல்லுங்கள்!

இங்கே ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்குப் பொதுப் பிரிவினர் ப்ளஸ் டூவில் 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். கேரள அரசுக் கல்லூரிகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு. கொச்சியில் உள்ள நுவால்ஸ் என்ற தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு. கிளாட்டில் 2 மணி நேரத்தில் 120 கேள்வி, தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். எல்லாம் நீள நீளமான ஆங்கிலப் பத்திகள். தமிழ் மீடியப் பிள்ளைகள் சறுக்குவது வாசிக்கும் வேகத்தில்தான்; இன்றைக்கே தினம் ஓர் ஆங்கிலத் தலையங்கம் வாசிக்கட்டும்.

சேர்ந்த பிறகு இடிப்பது வருகைப் பதிவு. வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் வேண்டும். மழை விட்டதும் செவன்ஸ் சூடு பிடிக்கும். ராத்திரி ஆட்டம், காலையில் வகுப்பு. மலப்புறம் வரை போய் ஆடிவிட்டு வருகிறவன் முதல் பீரியடில் எங்கே இருப்பான்? வாரநாள் ஆட்டங்களை இப்போதே குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பட்டம் வாங்கியபின் கிளப் சம்பளத்தில் ஆடிக்கொண்டே கோர்ட்டுக்கும் போகலாமா?

பதில்: முழுநேரச் சம்பள வேலை என்றால் கூடாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வங்கியிலோ போலீசிலோ வேலை கிடைத்தாலும் இதே கதைதான்: பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, வக்கீல் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ‘மாதச் சம்பளம்’ என்று இருக்கிறதா பாருங்கள். வக்கீலாகப் பதிவு செய்யப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் கட்டணம் கேட்கக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அகில இந்திய பார் தேர்வையும் எழுதித் தேற வேண்டும்.